ஹிஸ்டமின் நஞ்சல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், ஹிஸ்டமின் உடம்பில் சேரும் நஞ்சு என்றும், அரிப்பு நின்றால் தோல் குணமாகிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். வாசித்து இரண்டு நாளாகியும் மனம் ஆறவில்லை.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் உடம்பே ஆக்கிக்கொள்வது ஹிஸ்டமின்; ஒவ்வாமையில் அரிப்பை எழுப்புவதும் அதுதான். 1927இலேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேலும் சகாக்களும் அதை ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் பிரித்தெடுத்தது தாங்கள் அறியாததல்ல. அதை ஆக்க முடியாத எலிகளுக்குக் காயம் ஆறச் சுணங்குகிறது. மிஞ்சினால்தான் கேடு. 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதத் தோல் கலங்களோடு ஹிஸ்டமினைச் சேர்த்தபோது, அவை முதிர்ந்து மேற்தோலாவது தடைப்பட்டது. வெளிப்படலம் பாதியாக மெலிந்தது. மெலிந்த தோலுக்குள் சவர்க்காரமும் தூசியும் இலேசாக இறங்கும். பிறகு மறுபடி அரிப்பு.

என் இளைய மகனுக்கு நான்கு வயதில் கரப்பான் என்னும் தோல்நோய் (எக்ஸிமா) வந்தது. தோலுக்குக் களிம்பு பூசி, இரவில் ஹிஸ்டமினை அடக்கும் குளிசை கொடுப்பேன். அரிப்பு அடங்கியதும் ஆறிவிட்டதென்று களிம்பை நிறுத்தினேன். அன்றும் இதே மாதிரி ஒரு வரியைப் பத்திரிகையில் வாசித்து நம்பினேன். முழங்கை மடிப்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பின்னர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல்நாள் இரவும் அதே குளிசைதான். பிள்ளை மண்டபத்தில் தூங்கி விழுந்தான். குளிசை தூங்க வைக்கும், தோலைக் கட்டாது, குளித்த ஈரம் காயமுன் களிம்பு பூசு என்று ஒரு தோல் வைத்தியர் சொல்லும்வரை எனக்கு விளங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் ஹிஸ்டமினை விற்றமின் என்று அச்சிட்டீர்கள். கடிதம் போட்டேன்; பதில் இல்லை. நான் வாங்கும் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் தமிழ் இல்லை. கிளினிக்கில் சிங்களத்தில் சொல்வது என் போன்றோருக்குப் பாதிதான் பிடிபடும். எங்களுக்கென்று தமிழில் இருப்பது உங்கள் பக்கம். அதையும் நம்பக்கூடாதென்றால் நாங்கள் எங்கே போவது?

ஹிஸ்டமினைப் பற்றி எச்சரிக்கத்தான் வேண்டுமென்றால் சூரை மீனைச் சொல்லியிருக்கலாம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் பக்டீரியா ஹிஸ்டமினைப் பெருக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வெள்ளவத்தையில் மத்தியானம் மீன் வாங்கும் எத்தனை பேருக்கு அது உதவியிருக்கும்!

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். களிம்பை நிறுத்த வேண்டாம் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06