‘செவரன்ஸ்’ தொடரில் நினைவு அழிக்கப்படுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘செவரன்ஸ்’ தொடர் பற்றிய கட்டுரை, லூமன் நிறுவனம் தன் ஊழியர்களின் மூளையில் மின்னணுச் சில்லைப் பொருத்தி நினைவை அழித்துவிடுவதாகச் சொல்கிறது. அழிப்பதில்லை. மாலையில் லிஃப்டில் ஏறி வெளியே வந்ததும் வீட்டு நினைவு முழுதாகத் திரும்புகிறது. மறுநாள் உள்ளே போனதும், நேற்று விட்ட இடத்திலிருந்து அலுவலக நினைவு தொடர்கிறது. ஒரே மூளையில் இரண்டு வாழ்க்கைகளின் நினைவு தனித்தனியே சேர்கிறது; எப்போது எது திறக்கும் என்பதை மட்டும் சில்லு தீர்மானிக்கிறது. கட்டுரையாளர் இதைத் தவறவிட்டதால்தான் கடைசியில் கதாநாயகனான ஊழியன் மார்க்கை ‘துரோகி’ என்று எழுத நேர்ந்திருக்கிறது. அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: தொடரை உருவாக்கியவர் டான் எரிக்சன், பல பகுதிகளை இயக்கியவர் பென் ஸ்டில்லர். ஆப்பிள் டிவி தளத்தில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய முதல் பருவம் 9 பகுதிகள், 2025 ஜனவரியில் தொடங்கிய இரண்டாவது 10 பகுதிகள். கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் மேற்கொண்டு எழுத முடியாது. முழுதும் பார்த்துவிட்டு வந்து படிப்பவர்கள் படிக்கலாம்.

முதல் பகுதியின் முதல் காட்சியிலேயே எல்லாம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஹெல்லி ஒரு கூட்ட அறை மேசையின் மேல் கண்விழிக்கிறாள். ஒலிபெருக்கியில் ஐந்து கேள்விகள் வருகின்றன. நீ யார்? எந்த மாநிலத்தில் பிறந்தாய்? ஏதாவது ஒரு மாநிலத்தின் பெயரைச் சொல். நிறுவனத் தலைவர் ஈகனுக்குப் பிடித்த காலை உணவு எது? உன் தாயின் கண்கள் என்ன நிறம்? மூன்றாவது கேள்விக்கு மட்டும் ‘டெலவேர்’ என்கிறாள். மற்ற நான்குக்கும் விடையில்லை. முழு மதிப்பெண் என்கிறது குரல். அறுவைச் சிகிச்சை சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. மொழி மிஞ்ச வேண்டும், உலக அறிவு மிஞ்ச வேண்டும், ‘நான்’ மட்டும் போயிருக்க வேண்டும்.

நினைவு ஒரே பெட்டியில் இல்லை என்பதுதான் இந்தச் சோதனையின் அடிப்படை. நடந்த நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, பொது அறிவின் நினைவு வேறு என்று 1972இல் உளவியலாளர் எண்டல் டல்விங் பிரித்துக் காட்டினார். கைப்பழக்கத்தின் நினைவு இவ்விரண்டிலும் சேராது. எங்கள் நகரிப் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் மூன்றையும் பார்க்கலாம். முதன்முதலாகத் தறியில் நின்ற நாள் நிகழ்ச்சி நினைவு. சேலைக்கு எத்தனை முழம் என்பது பொது அறிவு. பாவு இழை அறுந்ததும் விரல்கள் போட்டுவிடும் முடிச்சு கைப்பழக்கம். எப்படிப் போட்டாய் என்று கேட்டால் நெசவாளர் மறுபடி போட்டுத்தான் காட்டுவார், வாயால் சொல்லத் தெரியாது.

டொராண்டோவில் கே.சி. என்ற பெயரில் ஆய்வுகளில் வரும் நோயாளி, 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்டவர். அதன்பின் தன் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட அவரால் மனத்தில் மீட்க முடியவில்லை. சதுரங்கம் ஆடத் தெரிந்தது. தன் பெயர் தெரிந்தது, வீடு தெரிந்தது. ஹெல்லியின் நிலை இதற்கு நெருக்கமானது, ஆனால் இதுவே அல்ல. தாயின் கண் நிறம் ஒரு நிகழ்ச்சி அல்ல, ஒரு தகவல், கே.சி. போன்றவர்களிடம் அத்தகைய பழைய தகவல்கள் தங்கிவிடும். தன் பெயரையே இழப்பது மூளைக் காயத்தில் அரிது. கடும் மன அதிர்ச்சியில் வரும் மறதியில்தான் அதை அதிகம் காண்கிறோம். லூமனின் கத்தி, மருத்துவமனை இதுவரை கண்ட எந்தக் காயத்தையும்விட நேர்த்தியாக வெட்டுகிறது. புனைவுக்கு இந்தச் சலுகை தரலாம்.

ஆனால் வெட்டு எங்கே கசிகிறது என்பதில் எழுத்தாளர்கள் வியக்கும்படி சரியாக இருக்கிறார்கள். இதைக் கட்டுரை தொடவே இல்லை. மனைவியை இழந்த மார்க் காலையில் காரில் உட்கார்ந்து அழுகிறான். உள்ளே போனபின் சட்டைப்பையில் கசங்கிய டிஷ்யூ கிடக்க, எதற்கென்று தெரியாமல் பார்க்கிறான். களிமண்ணைக் கையில் கொடுத்தால், விபத்து நடந்த இடத்து மரத்தைப் பிசைந்து வைக்கிறான். சக ஊழியன் எர்விங் வீட்டில் ஒரே இருண்ட நடைபாதையை, அதன் முனையில் ஒரு லிஃப்டை, திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயத்தில் வரைகிறான். அந்தச் சாயம் அலுவலகத்தில் கண்ணயரும்போது அவன் மேசைமேல் வழிகிறது.

இவை கவித்துவத்துக்காகச் சேர்த்தவை அல்ல. ஜெனீவாவின் மருத்துவர் கிளாபரேட் 1911இல் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. தினமும் பார்த்தாலும் மருத்துவரை அடையாளம் தெரியாத ஒரு நோயாளிப் பெண்ணின் கையை, உள்ளங்கையில் குண்டூசியை மறைத்து வைத்துக்கொண்டு குலுக்கினார். சற்று நேரத்தில் குத்தியது மறந்துபோயிற்று. மீண்டும் கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டாள், காரணம் சொல்லத் தெரியவில்லை. (இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இரு பக்கமும், புது நினைவுகளைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு, கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை. அச்சமும் கைப்பழக்கமும் வேறு வழியில் சேமிக்கப்படுகின்றன. நிகழ்ச்சி நினைவின் கதவை அடைத்தால் இவை அடைபடுவதில்லை. அப்படிப் பார்த்தால் தொடர் இன்னும் அதிகமாகவே கசிய விட்டிருக்கலாம். அலுவலகத்தில் தினம் எட்டு மணி நேரம் திகில் அனுபவிக்கும் ஒருவனுக்கு, வெளியே அந்தக் கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில் நுழைந்தாலே நெஞ்சு படபடக்க வேண்டும்.

இடம் மாறினால் நினைவு மாறுமா என்றால், ஓரளவு மாறும் என்பதற்குச் சான்று உண்டு, பூட்டுப்போட்ட மாதிரி அல்ல. 1975இல் காடன், பாட்லி இருவரும் முக்குளிப்பவர்களுக்கு 36 சொற்களைக் கரையிலும் நீருக்கடியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். கற்ற இடத்திலேயே கேட்டபோது கூடுதலாக நினைவு வந்தது. 2021இல் அதே சோதனையை மறுபடி செய்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மொழியை வைத்து மேரியன், நைஸர் 2000இல் செய்த ஆய்வு எங்களைப் போன்ற தமிழக-ஆந்திர எல்லைப்புறத்தாருக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் குடியேறிய ரஷ்ய மொழியினரிடம் ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்யாவில் நடந்தவை அதிகம் நினைவுக்கு வந்தன, ஆங்கிலத்தில் கேட்டால் அமெரிக்காவில் நடந்தவை. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எங்கள் ஊர்க் கடைக்காரர் ‘ரெண்டு ரெள்ளு நாலுகு’ என்று தெலுங்கில் பெருக்கிவிட்டுத் தொகையைத் தமிழில் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது.

சில்லு சாத்தியமா என்ற கேள்விக்குக் கட்டுரை ‘விரைவில்’ என்று பதில் தந்திருந்தது. எலிகளில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டோனெகவாவின் ஆய்வுக்கூடம் 2013இல் வெளியிட்ட சோதனை இது. மரபணு மாற்றிய எலிக்குத் தீவனத்தில் டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கலந்து தருகிறார்கள்; அது இருக்கும்வரை நரம்பணுக்களில் அடையாளம் விழாது. மருந்தை நிறுத்தி எலியை முதல் கூண்டில் விடுகிறார்கள். அப்போது ஹிப்போகாம்பஸின் ஒரு சிறு பகுதியில் இயங்கிய அணுக்களில் மட்டும் ஒளிக்கு விழிக்கும் புரதம் உருவாகிறது. மறுபடி மருந்து. அடுத்து வேறொரு கூண்டில் விட்டு, ஒளியிழை வழியே நீல ஒளி பாய்ச்சி முதல் கூண்டின் நினைவை எழுப்பிக்கொண்டே காலில் மின்னதிர்ச்சி தருகிறார்கள். பின் முதல் கூண்டில் விட்டால், அங்கே எந்த அதிர்ச்சியும் படாத எலி உறைந்து நிற்கிறது. பொய் நினைவு. மரபணு மாற்றம், மண்டையோட்டில் ஒளியிழை, முன்கூட்டியே அடையாளமிட்ட அணுக்கள் இத்தனையும் வேண்டியிருந்தது ஒரு கூண்டின் நினைவுக்கு. நாற்பது வயது மனிதனின் வாழ்க்கை ஒரு பகுதியில் அடங்கி இருப்பதில்லை; பழையது ஆக ஆக மூளையின் மேலுறையான புறணி முழுதும் பரவிவிடுகிறது. ஒற்றைச் சில்லால் அதைத் திறந்து மூடுவது, அதுவும் லிஃப்ட் இறங்கும் நொடிகளில், கதையில் மட்டுமே.

இனி அறக்கேள்வி. கடிதம் நீண்டுவிட்டது, இடமில்லையென்றால் எலிப் பத்தியை வெட்டிவிடுங்கள், இதை வெட்டாதீர்கள்.

ஒரே உடலில் ஒரு பிரக்ஞை பகலிலும் தொடர்பற்ற இன்னொன்று இரவிலும் இயங்கினால், பகல் மனிதனும் இரவு மனிதனும் இரண்டு நபர்கள்தானே என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694லேயே கேட்டுவிட்டார். தொடரின் கரு அதுதான். தொடர் அதில் சேர்த்தது ஒப்பந்தத்தை. கையெழுத்திடுபவர் வெளியே இருக்கும் ‘அவுட்டி’, வேலை செய்பவர் உள்ளே இருக்கும் ‘இன்னி’. ஹெல்லியின் இன்னி முதல் நாளே வெளியேறப் பார்க்கிறாள். ராஜினாமா எழுதுகிறாள். செய்தி எழுதிக் கடத்த முயன்றால் லிஃப்டிலுள்ள எழுத்துணர் கருவி காட்டிக்கொடுக்கிறது. கடைசியில் அவளுடைய அவுட்டியிடமிருந்து ஒரு காணொளிப் பதில் வருகிறது: நான் மனுஷி, நீ அல்ல, முடிவு என்னுடையது.

தன்னுடைய பிற்கால நிலைக்காக ஒருவர் முன்கூட்டியே முடிவெடுப்பதை நம் சட்டமும் அனுமதிக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 5: எனக்கு மனநோய் வந்தால் இந்தச் சிகிச்சை தரலாம், இது கூடாது என்று எழுதிவைக்கலாம். ஆனால் அது எப்போது செல்லும்? முடிவெடுக்கும் திறனை அவர் இழந்திருக்கும்போது மட்டும். திறன் திரும்பியதும் அந்தத் தாளுக்கு வேலையில்லை, அப்போதைய அவர் சொல்வதே முடிவு. இந்த அளவுகோலை லூமனில் வைத்துப் பாருங்கள். ஹெல்லியின் இன்னி தெளிவாகச் சிந்திக்கிறாள், காரணம் சொல்கிறாள், மனு எழுதுகிறாள். திறன் உள்ளவளைத் திறனற்றவளாக நடத்துவதுதான் அங்கே நடக்கும் அநீதி. ஒப்புதல் இருந்ததா என்று கேட்டால் லூமன் தாளை எடுத்துக் காட்டும். இப்போது வேலை செய்துகொண்டிருப்பவரின் ஒப்புதல் எங்கே என்று கேட்க வேண்டும்.

கூலியும் உண்டு. சம்பளம் முழுவதும் அவுட்டியின் கணக்குக்குப் போகிறது; இன்னிக்குக் கிடைப்பது விரல்பொறி பொம்மை, வாஃபிள் விருந்து, முலாம்பழத் துண்டுகள். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் கூறு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது. கூலியே இல்லாத இன்னிக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. மூளைக்குள் நுழைவது பற்றியும் தீர்ப்பு இருக்கிறது: 2010இல் செல்வி வழக்கில், ஒருவர் சம்மதமின்றி உண்மை கண்டறியும் ஊசி, மூளை வரைவு, பொய் கண்டறியும் சோதனை மூன்றும் கூடாது என்றார்கள்.

இப்போது மார்க். இரண்டாம் பருவ இறுதியில் அவன், இறந்ததாக நம்பப்பட்ட மனைவி ஜெம்மாவைப் படிக்கட்டுக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு ஹெல்லியிடம் திரும்பி ஓடுவதைக் கட்டுரை துரோகம் என்கிறது. அதற்கு முன், இரண்டு மார்க்குகளும் ஒரே கேமராவில் மாறி மாறிப் பதிவு செய்து பேசிக்கொள்ளும் நீண்ட காட்சியைப் பாருங்கள். இரு நினைவுகளையும் சேர்த்துவிடலாம், இருவரும் ஒருவராகி வாழலாம் என்று அவுட்டி ஆசை காட்டுகிறான். இன்னி அதை நம்பவில்லை. அவனுடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்: இரண்டு வருடம், வாரம் 40 மணி, வருடத்துக்கு 50 வாரம் என்றால் 4,000 மணி நேரம். விழித்திருக்கும் நாள் 16 மணி என்று கொண்டால் 250 நாள். எதிரே நாற்பது வருடம், சுமார் 2,33,600 விழிப்பு மணி. கலந்தால் அவன் பங்கு நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. மேலும் ஜெம்மா அவனுக்கு மனைவி அல்ல, மிஸ் கேஸி என்ற பெயரில் தெரிந்த ஒரு சக ஊழியர். முதல் பருவத்தில் முன்னாள் சக ஊழியன் பீட்டிக்கு நினைவுகளைச் சேர்த்தபோது அவன் இறந்தேபோனதும் நமக்குத் தெரியும்.

அடுத்த இணைப்பில் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். கட்டுரையாளர் எழுத உட்காரும் முன் அந்தக் கேமராக் காட்சியை ஒருமுறை, முதல் பகுதியின் ஐந்து கேள்விகளை ஒருமுறை திரும்பப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர் ஒருவர்,
நகரி, சித்தூர் மாவட்டம், ஆந்திரா