சிவப்புப் பெயின்ட் அடித்த நாவல் மரங்கள் சாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில், எங்கள் ஊருக்குக் கீழே உள்ள சதுப்பை மீட்கும் வேலை போன வருடம் தொடங்கியது. தோல் பதனிடும் பட்டைக்காக ஒரு காலத்தில் நட்டு, பிறகு தானே பரவிவிட்ட சீகை (வாட்டில்) மரங்களை வெட்டினார்கள். தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த பழைய வாய்க்கால்களைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள். ஐப்பசி மழையில் நின்ற நீர் தை பிறந்தும் வடியவில்லை. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஓரத்தில் நிற்கும் காட்டு நாவல்கள் இலை பழுத்து உதிர்த்ததும், பட்டுப்போனவை என்று பதினான்கு மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பங்குனியில் ஏலமாம்.

நான் இருபத்திரண்டு வருடம் நாற்றங்காலில் சோலை மரக்கன்று வளர்த்தவள். ‘தண்ணீரில் நிற்கிற கன்று எப்படிக்கா வாடும்?’ என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் கேட்பார்கள். வேரும் மூச்சுவிட வேண்டுமே! பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சமும் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. கிடைக்கிற சொற்ப நீரில் பிழைத்துக்கிடக்கத்தான் மரம் இலையைக் கழிக்கிறது.

போன வாரம் சேற்றில் இறங்கி ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில் பொரி ஒட்டிவைத்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருக்கிறது. பட்டைத் துளைகள் காற்றுக்காக அப்படிப் பெருத்துக்கொள்ளும். அதை ஒட்டி, அடிமரத்திலிருந்தே நூல் பருமனில் இளஞ்சிவப்பாகப் புதுவேர். நகத்தால் கீறினால் பதினொரு மரத்தில் உள்ளே பச்சை. மூன்றில் பட்டை கையோடு வந்தது, அழுகல் வாடை. அந்த மூன்று போய்விட்டன. அவற்றையும் மரங்கொத்திக்கு விட்டுவைக்கலாம் என்பேன்.

2018இல் கஜா புயல் மழைக்குப் பின் எங்கள் பள்ளத்துத் தோட்டத்தில் இரண்டு மாதம் தண்ணீர் நின்றது. பீச் மரம் அந்த மாசியிலேயே செத்தது. தேங்கின நீரை அது தாங்காது. பேரி மரங்கள் பூக்கவில்லை, விரல் நீளத்துக்கு வெளிறின துளிர் மட்டும் விட்டன. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பொறுக்காமல் தன் பேரிகளை அறுத்தார். அறுத்த இடத்தில் ஈரம் கசிந்ததை அவரும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மரங்கள் அடுத்த வருடம் பாதி தழைத்தன. 2021இல் காய்த்தன.

அதனால் கேட்கிறேன், இந்த நாவல்களுக்கு இரண்டு சித்திரையாவது தவணை கொடுங்கள். நீர் இறங்கியதும் அடிமரத்தை மூடியிருக்கும் வண்டலை மண்வெட்டி படாமல் கையால் விலக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்வரை ஜேசிபியை உள்ளே விடக்கூடாது, மண் இறுகி வேருக்குக் கிடைக்கிற காற்றும் போய்விடும். யூரியா வேண்டாம். ஆனால் பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும். பாதி வேரை இழந்த மரம் வெள்ளத்தில் தப்பித்து வெயிலில் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏலத்துக்கு முன் பொறுப்பில் உள்ளவர்கள் ஒரு நாள் வந்து நகத்தால் கீறிப் பார்க்கட்டும். நான் கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாற்றங்கால் தொழிலாளி,
மேல்மலை, கொடைக்கானல் வட்டம்