செயலாளர் ஆண்டறிக்கை: சிஎம்வி வைரஸின் மரபணு வேற்றுமையும் பச்சிளங்குழந்தைகளும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பிறவி சைட்டோமெகலோ வைரஸ் (சிஎம்வி) தொற்றுக்கு, அதாவது தாயிடமிருந்து கருவிலேயே குழந்தைக்கு வரும் தொற்றுக்கு, ஒதுக்கினோம். மரபுவழி வராத காது கேளாமைக்குக் குழந்தைகளிடம் முதல் காரணம் இந்த ஹெர்பெஸ் வகை வைரஸ்தான். குழந்தை மருத்துவர், ஆய்வக நுட்பநர், செவித்திறன் வல்லுநர் மூவரும் நம் சங்கத்தில் இருப்பதால், மூவருக்கும் பொதுவான நடைமுறை ஒன்றை எழுதி முடிக்க முடிந்தது.

முதலில் விவாதித்தது, கர்ப்பிணிக்கு ஐஜிஜி (முன்பே தொற்றியதைக் காட்டும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வந்தால் ‘இனிப் பயமில்லை’ என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தை. கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடமிருந்து அது கருவுக்குப் போகிறது. ஏற்கெனவே தொற்றியவர்களிடம் அது நூற்றில் ஒன்று, ஒன்றரை அளவுதான். ஆனால் இந்தியாவில் கருவுறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த இரண்டாவது வகையினர். ஆகவே நம் ஊரில் பிறக்கும் பாதிப்புள்ள குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்மார் ஐஜிஜி பாசிட்டிவ்தான். உறங்கிக் கிடந்த வைரஸ் விழித்திருக்கலாம். வேறொரு திரிபு (அதே வைரஸின் சற்று மாறிய வகை) புதிதாகத் தொற்றியும் இருக்கலாம். இந்த இரண்டாவது வழியை 2001இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமிலிருந்து வெளியான ஆய்வு காட்டியது. முன்பே எதிர்ப்பாற்றல் இருந்தும் குழந்தைக்குத் தொற்றைக் கடத்திய தாய்மாரில் பலரிடம், வைரஸின் மேலுறையில் உள்ள ஜிஹெச் புரதத்தின் வேறொரு வடிவத்துக்கு எதிரான ஆன்டிபாடி புதிதாகத் தோன்றியிருந்தது.

இந்த வைரஸின் மரபணுத்தொகுதி சுமார் 2,35,000 டிஎன்ஏ எழுத்து இணைகள் நீளம். மனிதரைத் தொற்றும் ஹெர்பெஸ் வைரஸ்களில் இதுவே பெரியது. அதில் பெரும்பகுதி திரிபுக்குத் திரிபு அதிகம் மாறாது. யூஎல்73, யூஎல்74, யூஎல்146 போன்ற சில மரபணுக்கள் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; யூஎல்146க்கு மட்டும் 14 வகைகள் உண்டு. திரிபுகள் ஒன்றோடொன்று கலந்து மறுசேர்க்கை ஆவதால், ஒரு மரபணுவின் வகையை வைத்துத் தொலைவில் உள்ள இன்னொன்றின் வகையைச் சொல்ல முடியாது. அடுத்தடுத்து இருக்கும் 73ம் 74ம் பெரும்பாலும் சேர்ந்தே போகின்றன.

ஆய்வகத்தில் வளர்த்த வைரஸை நம்புவதிலும் சிக்கல் உண்டு. நார்ச்செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்த ஏடி169 திரிபு சுமார் 15,000 எழுத்துகளையே இழந்துவிட்டது. கார்டிஃப் நகரில் பிறவித் தொற்றுள்ள குழந்தையின் சிறுநீரிலிருந்து எடுத்து, 2004இல் மரபணு எழுத்து வரிசை வெளியான மெர்லின் திரிபிலும் வளர்ப்பின்போது யூஎல்128 மரபணு மாறியிருந்தது. வரிசைப்படுத்துவதானால் மாதிரியிலிருந்து நேரடியாகவே செய்ய வேண்டும்.

பெற்றோர் அதிகம் கேட்பது, ‘இந்த வகை வந்தால் காது போகுமா?’ என்று. ஜிபி, ஜிஎன், யூஎல்144 ஆகிய வைரஸ் மரபணுக்களின் வகைகளுக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பலவற்றில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. ஒரே குழந்தையிடம் இரண்டு திரிபுகள் கலந்திருப்பதையும் பழைய முறைகள் தவறவிட்டன. வகை எண்ணைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் அறிக்கையைப் பெற்றோர் கையில் கொடுப்பது தவறு என்பது சங்கத்தின் உறுதியான கருத்து. கரு எந்த மாதத்தில் தொற்றியது, மூளை ஸ்கேனில் என்ன இருக்கிறது என்பவையே அதைவிட அதிகம் சொல்லும்.

மாதிரி எடுக்கும் முறை இவ்வாறு முடிவாயிற்று. பிறந்து 21 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த பாசிட்டிவ், தாய்ப்பால் வழியாகப் பிறந்தபின் தொற்றியதாகவும் இருக்கலாம், பிரித்தறிய முடியாது. பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஸ்வாபை நன்றாக உருட்டி எச்சிலை எடுக்கவும். அவசரப்பட்டுப் பால் குடித்த உடனே எடுத்தால் பாலில் உள்ள வைரஸே பாசிட்டிவ் காட்டிவிடும். எச்சில் பாசிட்டிவ் என்றால் அதே 21 நாட்களுக்குள் சிறுநீரிலும் உறுதி செய்ய வேண்டும். அந்த நாட்கள் தவறியிருந்தால், பிறந்தபோது குதிகாலில் எடுத்த உலர் ரத்தப் பொட்டு அட்டை ஒன்றே வழி. ஆனால் அதில் நெகட்டிவ் வந்தால் தொற்று இல்லை என்று எழுதக் கூடாது.

மரபணு வேற்றுமை ஆய்வகத்தில் நேரடியாகக் கைவைக்கும் இடம் பிசிஆர், அதாவது வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டான பிரைமர் ஒட்டும் இடத்தில், அதிலும் டிஎன்ஏ நீளத் தொடங்கும் அதன் 3′ முனையருகே, ஓர் எழுத்து மாறினால் சிடி மதிப்பு (வைரஸ் தென்படும் சுற்றின் எண்) பின்தள்ளிப் போகும். சில நேரம் வைரஸே தென்படாது. எனவே கிட் வாங்கும்போது அது எந்த மரபணுவைத் தேடுகிறது என்று கேட்டு, மாறாத இரு பகுதிகளைத் தேடும் கிட்டையே வாங்குமாறு ஆய்வக உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சிகிச்சை, வெளிப்படையான கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளுக்கு: வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, எடையில் கிலோவுக்கு 16 மி.கி. வீதம் தினம் இரு வேளை, 6 மாதம். முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. 3 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 48 மி.கி.; 50 மி.கி./மி.லி. சிரப்பில் 0.96 மி.லி. இந்த மருந்து குறைக்கக்கூடிய நியூட்ரோஃபில் (ஒருவகை வெள்ளை அணு) எண்ணிக்கையை முதல் 6 வாரம் வாரந்தோறும், பிறகு 8ஆம் வாரம், அதன்பின் மாதந்தோறும் பார்க்க வேண்டும். 500க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி, 750ஐத் தாண்டிய பின் தொடங்கவும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, குழந்தை 5 கிலோ ஆன பிறகும் பழைய 0.96 மி.லி.யையே கொடுப்பது. 1.6 மி.லி. தேவைப்படும் இடத்தில் அது போதாது. வைரஸ் அரைகுறையாக அடங்கி, மருந்தை எதிர்க்கும் திரிபு தலையெடுக்க வழி பிறக்கும். அது பெரும்பாலும் யூஎல்97 மரபணுவில் வரும். அறிக்கையில் ‘ஏ594வி’ என்றிருந்தால் அதன் புரதத்தில் 594ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் வந்திருக்கிறது என்று பொருள். வேற்றுமையில் சிகிச்சையை மாற்றவைக்கும் செய்தி இதுதான். மருந்து கொடுக்கும்போதே வைரஸ் அளவு ஏறினால் முதலில் எடையையும் அளவையும் சரிபாருங்கள். அதன் பிறகே வரிசைப்படுத்த அனுப்புங்கள். மொத்த வைரஸில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான திரிபை, வழக்கமான வரிசைப்படுத்தலான சாங்கர் முறை தவறவிடும். மருந்தை நிறுத்திய பின் அளவு ஏறுவது எதிர்பார்த்ததே, அது எதிர்ப்பு அல்ல.

பிறந்தபோது ஓஏஇ (காதின் எதிரொலியை அளக்கும் முதல்நிலைச் செவிச் சோதனை) தேறிய குழந்தைக்கும் பின்னால் காது குறையலாம். 3 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, பிறகு 6 வயது வரை ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை என்று அட்டவணை அச்சிட்டிருக்கிறோம். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் படிவமும் அதனுடன் இணைந்துள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்கான கோரிக்கை ஒன்றே: ஒவ்வொரு பிரசவ அறையிலும் ஸ்வாபும் சிறுநீர்க் குப்பியும் அடங்கிய பெட்டி ஒன்று, மூடியில் பிறந்த தேதியும் 21ஆம் நாளின் தேதியும் எழுத இடம் விட்டு. அதற்கான செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்