கப்பல் தெரியவில்லையா? முதலில் போனைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் இருப்பிடத் தகவலைப் பிடிக்கும் ஏஐஎஸ் ரிசீவரின் வைஃபையில் இணைந்தும் செல்பேசி வரைபடத்தில் ஒரு கப்பலும் தெரியாவிட்டால், பலர் உடனே ஆன்டெனாவைக் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு போனில்தான். ரிசீவரின் வைஃபையில் இணையம் கிடையாது. அதனால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்கினால் தாவாது. ஐபோனில் இன்னொரு தொல்லை, ஐஓஎஸ் 14 முதல்: செயலிக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி இல்லையென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தரவு வராது.

ஐபி முகவரி, போர்ட் (இணைப்பு எண்), தரவு அனுப்பும் முறை டிசிபியா யுடிபியா என்பதெல்லாம் கருவியின் கையேட்டில் உள்ளபடியே செயலியிலும் இருக்க வேண்டும். 10110 பரவலான போர்ட். ஆனால் எல்லாக் கருவிக்கும் அதுவல்ல. டிசிபியில் சில கருவிகள் ஒரே ஒரு இணைப்பைத்தான் ஏற்கும். பக்கத்தில் இருப்பவரின் போனில் செயலி பின்னணியில் ஓடினாலே உங்களுக்கு இடமில்லை. அங்கே, கருவியில் வசதி இருந்தால், தனி இணைப்பு தேவைப்படாத யுடிபிதான் மேல்.

வரும் தரவை அப்படியே காட்டும் பக்கம் செயலியில் இருந்தால் திறந்து பாருங்கள். ஏஐவிடிஎம் (!AIVDM) என்று தொடங்கும் கப்பல் தகவல் வரிகள் ஓடினால் வைஃபையும் ஆன்டெனாவும் வேலை செய்கின்றன. இணைப்பு இருந்தும் வரிகள் இல்லையென்றால் சற்றுப் பொறுங்கள்: நங்கூரமிட்ட கப்பல் தன் இருப்பிடத்தை 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். அதற்குப் பிறகும் வராவிட்டால் ஆன்டெனா கேபிளைச் சோதிக்கலாம்.

இப்படிக்கு,
படகு மின்னணுக் கருவிப் பணியாளர் ஒருவர்