கருவி மட்டும் புதிதானால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனைகளுக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே கருவிகள் வாங்குவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்லதுதான். ஆனால் அதை இயக்கும் முறை நோயாளிக்கு ஏற்ப மாறாவிட்டால் பயன் பாதிதான். ஃபிலிம் காலத்தில் கதிர்வீச்சு கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கணினியே அதைச் சரிசெய்துவிடுவதால், கைக்குழந்தைக்குப் பெரியவருக்கான அளவைக் கொடுத்தாலும் படத்தைப் பார்த்து எளிதில் கண்டுபிடிக்க முடியாது. வளரும் உடலைக் கதிர்வீச்சு அதிகம் பாதிக்கும் என்பதால்தான் அமெரிக்காவில் 2008-இல், குழந்தைகளுக்குக் குறைந்த கதிர்வீச்சில் படமெடுக்க வலியுறுத்தும் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற இயக்கமே தொடங்கப்பட்டது.

முதியோர் விஷயம் வேறு. அவர்களுக்குக் கதிர்வீச்சைவிட நிற்பதும் படுப்பதும்தான் பாடு. கூன் விழுந்த என் தாயாரை மார்பு எக்ஸ்ரேக்கு நிற்கவைத்தார்கள். அவர் தள்ளாடியதால் படம் கலங்கி, மறுபடி எடுக்க நேர்ந்தது. உட்காரவைத்தே எடுத்திருக்கலாம், அப்புறம்தான் சொன்னார்கள்! வயது, எடை வாரியான அளவு அட்டவணை, சாய்ந்துகொள்ள ஸ்பாஞ்சுத் தாங்கிகள், குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஈயக் கவசம், ஊழியர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றைக் கருவிக்கான டெண்டரிலேயே அரசு சேர்க்கலாம்.