தென்பெண்ணைக் கரையில் வெள்ள எச்சரிக்கை தெரு வரை வந்து சேரக் கோரும் மனு

நாள்: 15.09.2025

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், விழுப்புரம்.

பொருள்: தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை திறக்கப்படும்போது, திருவெண்ணெய்நல்லூர் வட்டத்து ஆற்றங்கரைத் தெருக்களுக்கு எச்சரிக்கையும் வெள்ள மட்டக் குறிகளும் வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். அம்மா ஊரில் ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். நேரில் வர முடியாததால், இந்தத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அம்மா கையில் கொடுத்தனுப்பி இந்த மனுவைத் தருகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. எங்கள் ஊரில் அன்றைக்கே கரண்ட் போய்விட்டது. அப்புறம் மழை மேற்கே நகர்ந்து ஊத்தங்கரைப் பக்கம் கொட்ட, அந்தத் தண்ணீரும் சேர்ந்து சாத்தனூருக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை 2.45 மணிக்கு அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் அப்போது 5.15 மணி, வேலைக்குக் கிளம்பும் நேரம். லாரியில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போனில் செய்தியைப் பார்த்துவிட்டேன்.

அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தெருவில் எட்டுப் பேருக்கு அடித்தேன், ஒன்றும் போகவில்லை. டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட்டிருந்த எதிர்வீட்டு அண்ணன் மட்டும் கடைசியில் எடுத்தார். "அண்ணே, ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி தொறந்துட்டாங்களாம்" என்றேன். "அப்படின்னா எவ்ளோடா தம்பி? நம்ம தெருவுக்கு வருமா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1972 வெள்ளத்திலேயே பிள்ளையார் கோயில் படியைத் தாண்டாத தண்ணீர் இப்போது வந்துவிடுமா என்று அவரே தைரியமும் சொன்னார். சரி என்று நானும் வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'யை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. மதியம் அந்த அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். அவர் வீட்டு மொட்டை மாடியில் அம்மா ஈரப் புடவையோடு நிற்கிறார். ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு பிடித்திருக்கிறார். கீழே மாடு கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறது. அம்மா அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டதால் மாடு பிழைத்தது. கன்று போய்விட்டது. கரும்புக் கொல்லையில் இடுப்பளவு மணல்.

நிவாரணத் தொகை 2,000 ரூபாய் வந்தது, நன்றி. முன்கூட்டியே எச்சரிக்கை விடப்பட்டது என்று அரசு சொன்னதையும் படித்தேன். யார் மீதும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதிகாலை 2.45-க்கும் காலை 9-க்கும் நடுவில் ஆறு மணி நேரம் இருந்தது. கடல் தாண்டி இருந்த எனக்குக் கிடைத்த செய்தி ஆற்றங்கரையில் இருந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆறு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன்.

கரண்டும் டவரும் போன ஊருக்கு குறுஞ்செய்தியும் செயலியும் உதவாது. பேட்டரியில் ஓடும் சைரனோ ஒலிபெருக்கியோ ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் வேண்டும். அது வரும்வரை தண்டோராவாவது போடச் சொல்லுங்கள். அதை இரவிலும் போட வேண்டும்.

இதைவிட முக்கியமாக நான் கேட்பது மட்டக் குறி. கன அடிக் கணக்கு எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. போன வெள்ளம் தொட்ட கறை ரேஷன் கடைச் சுவரில் இன்னும் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. வெள்ளையடிப்பதற்குள் அதை அளந்து, மின்கம்பங்களிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் பெயின்டால் கோடு போட்டு, "சாத்தனூரில் இவ்வளவு திறந்தால் இதுவரை வரும்" என்று தமிழில் எழுதி வையுங்கள். பொதுப்பணி, நீர்வளத் துறைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டால் மற்ற அளவுகளுக்கும் கோடு போட்டுவிடலாம். அடுத்த முறை அண்ணன் "எவ்ளோடா?" என்று கேட்டால், "பள்ளிக்கூடத்து இரண்டாவது கோடு வரைக்கும்ணே, மாட்டை அவிழ்த்துவிட்டு மேட்டுக்குப் போங்க" என்று என்னால் சொல்ல முடியும்.

இன்னொன்று: மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு சிங்கப்பூரிலிருந்து அடித்துப் பார்த்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களும் கூப்பிடும்படி அந்த அறைக்கு ஒரு பத்து இலக்க வாட்ஸ்அப் எண் தந்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். சைரன் வரத் தாமதமானாலும், அதற்குள் மட்டக் கோடுகளையாவது போட்டுக் கொடுங்கள். பெயின்ட் செலவை வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்
(பெயர், முகவரி, குடும்ப அட்டை நகல் தனித்தாளில்)