டோனர் ஸ்காலர்ஷிப் வந்தா ஃபீஸ் சலுகைய வெட்டாதீங்க – கோரிக்கை மனு

பெறுநர்: உயர்கல்வித்துறை செயலாளர் அவர்கள்

பொருள்: நன்கொடை உதவித்தொகை வாங்கற மாணவர்களுக்கு ஏற்கனவே இருக்கற சலுகைய குறைக்காம இருக்க ஆணை வேண்டி

ஐயா, வணக்கம்.

கீழ கையெழுத்து போட்டிருக்கற நாங்க எல்லாருமே யாரோ முன்ன பின்ன தெரியாதவங்க குடுத்த பணத்துல காலேஜ் படிக்கறவங்க, இல்லனா அப்படி படிக்கற பசங்களோட அப்பா அம்மா. நேரா விஷயத்துக்கு வந்துடறோம். டோனர் ஸ்காலர்ஷிப் கெடைச்சதும் அதுவரைக்கும் காலேஜ் குடுத்துட்டிருந்த ஃபீஸ் சலுகைய அதே அளவுக்கு வெட்டிடறாங்க, இத நிறுத்தணும்.

மொதல்ல ஸ்காலர்ஷிப் லெட்டர் வரும், வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் திருத்தின ஃபீஸ் ஸ்டேட்மெண்ட் ஒண்ணு வரும் பாருங்க, ஒரு வரியில ஸ்காலர்ஷிப்ப கழிச்சிருப்பாங்க, அடுத்த வரியில சலுகைய எடுத்திருப்பாங்க, கடைசில கட்ட வேண்டியது அதே பழைய தொகை. கேட்டா ரெண்டு பக்கமும் வாங்க ரூல் இல்லனு ஒரே பதில். சரிங்க, மொத்த செலவுக்கும் மேல பணம் வந்தா வெட்டுங்க, வாயே திறக்க மாட்டோம். ஆனா ட்யூஷன் ஃபீஸ் மட்டுமா படிப்பு செலவு, ஹாஸ்டல், சாப்பாடு, புக்ஸ், லேப்டாப், போக வர செலவுனு இதெல்லாம் யார் தலையில விழுது?

இந்த பணம் எப்படி வருதுன்னும் கொஞ்சம் பாருங்க. நிரந்தர நிதியா குடுத்தா அசல தொட மாட்டாங்க, அதுலேருந்து வர்ற வருமானத்துலேருந்து வருஷத்துக்கு பொதுவா மொத்த நிதியோட மதிப்புல 4, 5 சதவீதம்தான் வெளிய எடுப்பாங்க. அப்போ ஒரு மாணவரோட ஒரு வருஷ உதவிக்கு பின்னாடி அதப்போல 20, 25 மடங்கு பணத்த யாரோ போட்டு வச்சிருக்காங்கனு அர்த்தம். எல்லாரும் கோடீஸ்வரங்களும் இல்ல. அமெரிக்காவுல ஒசியோலா மெக்கார்ட்டினு ஒரு அம்மா, ஆறாவதோட படிப்ப விட்டுட்டு காலம் பூரா ஊரார் துணிய துவைச்சு சேத்த காசுல 1,50,000 டாலர 1995ல சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஸ்காலர்ஷிப்புக்காக எழுதி வச்சாங்க. பெரிய பணம் வந்தா நிலமையே மாறிடுது, 2018ல மைக்கேல் ப்ளூம்பெர்க் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு 180 கோடி டாலர் குடுத்ததும் அங்க இளநிலை மாணவர்களோட உதவித் தொகுப்புலேருந்து கல்விக்கடனையே எடுத்துட்டு திருப்பிக் குடுக்க வேணாத உதவியா மாத்திட்டாங்க.

இப்படி வர்ற பணம் மாணவர் கணக்குல ஏறின அன்னைக்கே இன்னொரு பக்கம் சலுகைய எடுத்துட்டா, லாபம் நிறுவனத்தோட பட்ஜெட்டுக்குத்தான், படிக்கறவங்களுக்கு இல்ல. டோனருக்கு இது தெரிஞ்சா அடுத்த வருஷம் குடுப்பாரா?

இது முடியாத காரியம் இல்லைங்க. 2017லயே மேரிலாந்து மாநிலத்துல அரசு பல்கலைக்கழகங்களுக்கு இதுக்குன்னே சட்டம் போட்டாச்சு, மொத்த உதவி மாணவரோட தேவைய தாண்டினாத்தான் பல்கலைக்கழகம் தான் குடுக்கற உதவிய குறைக்கலாம்னு. அந்த அளவுகோலே இங்கயும் எங்களுக்குப் போதும், அந்த தேவைல தங்கற, சாப்பிடற செலவையும் சேத்துக்கணும்.

கூடவே இன்னொண்ணு. ஸ்காலர்ஷிப் பணம் பல தடவ ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி முடிஞ்சுதான் வருது, சாங்ஷன் லெட்டர் கையில இருக்கறவங்க கிட்ட லேட் ஃபீஸ் போடறதையும் பரீட்சை எழுத விடாம நிறுத்தறதையும் தடுத்து அதே ஆர்டர்ல ஒரு வரி சேத்துடுங்க. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி ஆணை வந்தா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
நன்கொடை உதவித்தொகையில படிக்கற மாணவர்களும் பெற்றோரும்